போர் காமிக்ஸ் ஏன் அலுப்பதில்லை, அதற்குக் கதை எழுதுவது எப்படி?

போர் காமிக்ஸை இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஏன் வாசிக்கிறார்கள், அதற்கு ஒரு கதை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சிறு வயதிலிருந்து இந்தக் கதைகளை வாசிக்கிறேன், சில காலமாக எழுதவும் செய்கிறேன். ஏற்கப்பட்டதும் உண்டு, திரும்பி வந்ததும் உண்டு. இரண்டிலிருந்தும் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் திரும்பி வந்த ஒன்றைப் பற்றி. டாங்கிப் போரை மையமாக வைத்து ஒரு கதைச் சுருக்கம் எழுதியிருந்தேன். எந்த டாங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த மேட்டின் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று எல்லாம் சரியாக இருந்தது. எடிட்டர் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார்: இந்த டாங்கிக்குள் இருக்கிறவர்களுக்குள் என்ன பிரச்சினை? என்னிடம் பதில் இல்லை. உள்ளே ஐந்து பேரை உட்கார வைத்திருந்தேனே தவிர, அவர்களுக்குள் எதையும் வைக்கவில்லை. அன்றைக்குப் புரிந்தது. பீரங்கியும் விமானமும் அட்டையில் இருந்து வாசகரைக் கூப்பிடுகின்றன. கடைசிப் பக்கம் வரை உட்கார வைப்பது, ஒரே பதுங்குகுழியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் மனத்தாங்கல்.

இந்த வகை எப்படி உருவானது என்று பார்த்தால் அது இன்னும் தெளிவாகும். பிரிட்டனில் 1958இல் 'வார் பிக்சர் லைப்ரரி' வந்தது. பாக்கெட்டில் அடங்கும் அளவு, கறுப்பு வெள்ளை, ஒரு இதழுக்கு ஒரு முழுக் கதை. அது பிடித்துப்போனதும் 1961 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து டி.சி. தாம்சன் நிறுவனம் 'கமாண்டோ'வைத் தொடங்கியது. மற்றவை ஒவ்வொன்றாக நின்றுபோன பிறகும் கமாண்டோ நிற்கவில்லை. 2017இல் 5000ஆவது இதழைத் தொட்டது. தொடங்கிய காலத்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது. எழுதியவர்களிலும் வரைந்தவர்களிலும் பலர் அந்தப் போரில் இருந்தவர்கள். ஸ்பெயின், இத்தாலி, அர்ஜென்டினா ஓவியர்களும் நிறைய வரைந்தார்கள். வாசித்த பையன்களின் அப்பாக்கள் போரிலிருந்து திரும்பியவர்கள், அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்காதவர்கள். அப்பா சொல்லாததை அந்தச் சின்னப் புத்தகம் சொன்னது. முதல் தலைமுறையை இழுத்தது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் அந்தத் தலைமுறை போய்விட்டது. இன்றைக்கு வாசிப்பவருக்கு அந்தப் போரோடு நேரடியாக எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் வாசிக்கிறார்கள். அப்படியென்றால் வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது.

தமிழ் வாசகருக்கு அந்த ஏதோ ஒன்று புதிதல்ல. புறத்திணைகளை நினைத்துப் பாருங்கள். எதிரியின் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி, மீட்பது கரந்தை, படையெடுத்துப் போவது வஞ்சி, கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி, நேருக்கு நேர் மோதுவது தும்பை, வெல்வது வாகை, எதுவும் நிலைக்காது என்று உணர்வது தொல்காப்பியம் சொல்லும் காஞ்சி. இப்போது போர் காமிக்ஸ் கதைகளை ஒரு கட்டு எடுத்துப் பிரித்து வைத்தால் இந்த வரிசையிலேயே அடங்கும். ஆறு பேர் இரவில் எதிரி முகாமுக்குள் புகுந்து ரேடார் கருவியைக் கழற்றி வருகிறார்கள், அது வெட்சி. உதவிப் படை வரும்வரை ஒரு பாலத்தைக் காக்கிறார்கள், அது நொச்சி. கதையின் சட்டகம் இரண்டாயிரம் வருடமாக மாறவில்லை. காரணம், இந்தச் சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் ஒரு மனிதனை மூலையில் தள்ளிவிட்டு 'இப்போது சொல், நீ யார்?' என்று கேட்கின்றன. சாதாரண வாழ்க்கையில் அந்தக் கேள்வியைப் பல வருடம் தள்ளிப்போடலாம். போரில் அடுத்த பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அதோடு, அந்தப் பழைய புறப் பாடல்களில் அந்தப் பதில் பெரும்பாலும் அரசனுடையதாக, தலைவனுடையதாக இருக்கும். போர் காமிக்ஸ் அதைக் கடைநிலைச் சிப்பாயிடம் கொடுத்தது. தளபதிகள் கதையில் வருவதே அபூர்வம். திட்டம் யாரோ போட்டது, ஏன் என்று இவனுக்குத் தெரியாது. தன் கையில் இருக்கும் ஒரு சின்ன விஷயத்தில் மட்டும்தான் இவனுக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது: காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டு ஓடுவதா? பெரிய விஷயங்கள் எதுவும் தங்கள் கையில் இல்லை என்று உணர்கிற யாருக்கும் அந்தச் சிப்பாய் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிடுகிறான். அவன் எந்த நாட்டுக்காரன் என்பது இரண்டாம் பட்சம்.

இந்த வகை போரைக் கொண்டாடுகிறது என்று ஒரு குற்றச்சாட்டு எப்போதும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பழைய இதழ்களில் ஜெர்மானியன் என்றால் கத்துவான், ஜப்பானியன் என்றால் பல்லைக் காட்டுவான். ஜப்பானியர்களை வரைந்த விதம் பல இடங்களில் அப்பட்டமான இன வெறுப்பு. அதைப் 'பழைய காலம்' என்று பூசி மெழுகக் கூடாது. ஆனால் இந்த வகையின் மிகச் சிறந்த படைப்புகள் எல்லாமே போரை வெறுத்தவர்கள் செய்தவை. எழுத வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களைத்தான்.

ஹார்வி கர்ட்ஸ்மனிலிருந்து தொடங்குங்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஈ.சி. நிறுவனத்துக்காக 'டூ ஃபிஸ்டட் டேல்ஸ்', 'ஃப்ரண்ட்லைன் காம்பாட்' என்று இரண்டு இதழ்களை நடத்தினார். தகவல் சேகரிப்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம் பிரசித்தம். நீர்மூழ்கிக் கப்பல் கதை ஒன்றுக்காக உதவியாளரை உண்மையான நீர்மூழ்கியிலேயே அனுப்பிவைத்தார். இம்ஜின் நதியில் மிதந்து போகும் ஒரு பிணத்தைப் பற்றிய அவருடைய சிறுகதை ஒன்று இருக்கிறது. கரையில் உட்கார்ந்து ஒரு சிப்பாய் பிணத்தைப் பார்க்கிறான். இப்போதெல்லாம் தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டு சாகிறோம், கைகலப்பெல்லாம் போய்விட்டது என்று யோசிக்கிறான். அவன் சாப்பிட உட்காரும் நேரத்தில் பசியோடு ஒரு எதிரி பாய்கிறான். இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். இவன் அவனைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறான். குமிழிகள் வருகின்றன, குறைகின்றன, நின்றுபோகின்றன. வர்ணனை முழுக்க 'நீ' என்று வாசகரைப் பார்த்துப் பேசுகிறது. சில பக்கங்கள்தான். கொன்றவனுக்குக் கொன்ற மகிழ்ச்சியே இல்லாமல் ஒரு சண்டையை எப்படி வரைவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அர்ஜென்டினாவின் ஹெக்டர் ஹெர்மான் ஓஸ்டெர்ஹெல்ட் 1957இல் 'எர்னி பைக்' என்ற போர்ச் செய்தியாளரை உருவாக்கினார். வரைந்தவர் ஹ்யூகோ ப்ராட். 1945இல் போர்முனையில் இறந்த அமெரிக்கச் செய்தியாளர் எர்னி பைலின் பெயரிலிருந்து பிறந்த பாத்திரம் அது. இந்தக் கதைகளில் வில்லன் எந்த நாடும் இல்லை, போர்தான் வில்லன். எதிரெதிர்ப் பக்கத்து மனிதர்களைச் சமமாகப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. 1977இல் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. அவருடைய நான்கு மகள்களும் அதே ஆட்சியில் காணாமல் போனார்கள். அவர் கதைகளை வாசிக்கும்போது இது நினைவில் இருந்துகொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் 'பிளேசிங் காம்பாட்' என்று ஒரு இதழ் 1965இல் வந்தது. நான்கே இதழ்கள். வியட்நாமில் ஒரு கிழட்டு விவசாயியின் பார்வையில் போரைச் சொன்ன ஒரு கதைக்காக அதை விற்க மறுத்தார்கள். இன்னொரு பக்கம், சார்ஜென்ட் ராக் கதைகளைப் பல வருடம் வரைந்த ஜோ கியூபர்ட், எடிட்டரான பிறகு கதைகளின் முடிவில் 'இனிப் போர் வேண்டாம்' என்ற பொருளில் ஒரு முத்திரையை அச்சிட்டார். ராபர்ட் கானிகரும் அவரும் 1965இல் கொண்டுவந்த 'எனிமி ஏஸ்' தொடரின் நாயகன் முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி. எதிரியை நாயகனாக வைத்து அமெரிக்கப் பையன்களிடம் கொடுத்த துணிச்சல் அது.

ஜப்பானில் எழுதியவர்கள் போரை உடம்பில் சுமந்தவர்கள். ஷிகேரு மிசுகி தென் பசிபிக்கில் உள்ள ரபவுலில் குண்டுவீச்சில் இடது கையை இழந்தவர். மிச்சமிருந்த கையால்தான், வீண் சாவுக்கு அனுப்பப்பட்ட தன் சகாக்களின் கதையை 1973இல் வரைந்தார். அதே வருடம் தன் ஹிரோஷிமா தொடரைத் தொடங்கிய கெய்ஜி நாகசாவா, குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையன். பள்ளிச் சுவர் ஒன்று மறைத்ததால் பிழைத்தவர். அப்பா, அக்கா, தம்பி மூவரையும் அன்று இழந்தவர்.

இவர்கள் எல்லோரையும்விட நான் அதிக முறை திரும்பிப் போவது 'சார்லிஸ் வார்' தொடருக்கு. பாட் மில்ஸ் எழுதி ஜோ கொல்குஹன் வரைந்தது. 1979 ஜனவரியில் 'பேட்டில்' என்ற வார இதழில் தொடங்கியது. சார்லி பதினாறு வயதுப் பையன். வயதைப் பொய் சொல்லி 1916இல் ராணுவத்தில் சேர்ந்து பிரான்சின் சோம் போர்முனைக்குப் போகிறான். அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் என்று மொத்தம் 57,470 பேர். அவர்களில் 19,240 பேர் இறந்தார்கள். இந்த எண்களை அப்படியே சொன்னால் யாருக்கும் ஒன்றும் உறைக்காது. மில்ஸ் செய்தது வேறு. சார்லி வீட்டுக்கு எழுதும் கடிதங்களை, எழுத்துப் பிழைகளோடு, வர்ணனையாக வைத்தார். கடிதம் சாப்பாட்டைப் பற்றியும் நண்பர்களைப் பற்றியும் அப்பாவித்தனமாகப் பேசிக்கொண்டிருக்கும். கீழே படத்தில் சேறும் பிணங்களும். சொல் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்கிறது. அந்த இடைவெளியில் வாசகர் தானே விழுகிறார். நாவலாலும் முடியாது, சினிமாவாலும் இவ்வளவு எளிதாக முடியாது. காமிக்ஸுக்கு மட்டுமே கைகூடும் வித்தை இது.

சரி, இனி எழுதுவதற்கு வருவோம்.

போரின் பெரிய வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு விசித்திரமான, சின்ன, உண்மையான ஏற்பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரு உதாரணத்தை முழுசாகவே சொல்கிறேன்.

1941இலிருந்து 1943வரை அட்லான்டிக் கடலில் சில பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் முன்பக்கத்தில் ராக்கெட் விசையில் இயங்கும் ஒரு ஏவுதளத்தைப் பொருத்தி, அதன்மேல் ஒரே ஒரு ஹரிக்கேன் விமானத்தை நிறுத்தியிருந்தார்கள். கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல் வரிசையை, அதாவது கான்வாயை, வானிலிருந்து பின்தொடர்ந்து, நீர்மூழ்கிகளுக்கு இடம் காட்டிக்கொடுக்கும் ஜெர்மன் கான்டோர் விமானங்களைத் துரத்துவதற்காக. கப்பலிலிருந்து விமானத்தை ஏவலாம், திரும்ப இறக்க இடம் கிடையாது. கரை எட்டும் தூரத்தில் இல்லையென்றால், வேலை முடிந்ததும் விமானி பாராசூட்டில் குதிக்க வேண்டும், அல்லது விமானத்தைக் கடலில் இறக்கிவிட்டு, யாராவது வந்து தூக்குவார்கள் என்று பனிக்கடலில் காத்திருக்க வேண்டும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரே அம்பு. எப்போது விடுவது?

இங்கேதான் இரண்டு பேர் தேவை. ஒருவன் விமானி. இன்னொருவர் கப்பலிலிருந்து ரேடியோவில் விமானியை வழிநடத்தும் அதிகாரி. போன பயணத்தில் எதிரி விமானம் தெரிந்ததும் விமானி கிளம்பத் துடித்தான். இன்னும் மோசமான நேரம் வரும், பொறு என்று அதிகாரி தடுத்தார். அன்றிரவு பக்கத்துக் கப்பல் மூழ்கியது, அதில் விமானியின் நண்பன் இருந்தான். இப்போது அதே இரண்டு பேர், அதே கப்பல், அடுத்த பயணம். விமானி அவரோடு பேசுவதில்லை. கவனியுங்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவர் கெட்டவர் என்று ஆகிவிட்டால் கதை அங்கேயே தளர்ந்துவிடும்.

கடைசியில் விமானி ஏவப்படுகிறான். கான்டோரைத் தாக்குகிறான், திருப்பியும் அடி வாங்குகிறான். அவனுடைய ரேடியோவில் பேசும் பகுதி உடைந்துபோகிறது. கேட்க முடியும், பேச முடியாது. கீழே மூடுபனி. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. காதில் அந்த அதிகாரியின் குரல் மட்டும் வருகிறது, இடது பக்கம் திரும்பு என்று. திரும்பினால் கப்பல் கிடைக்கலாம், அவர் கணக்கு தப்பினால் வெறும் கடல். யாரை மன்னிக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தானோ அவர் குரலை நம்பித்தான் இனி உயிர். அவருக்கோ, தான் பேசுவது மேலே யாருக்காவது கேட்கிறதா என்பதே தெரியாது. தெரியாமலே பேசிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு பேரையும் மாறி மாறிக் காட்டினால் போதும், பக்கங்கள் தானாகப் புரளும்.

முடிவில் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார்கள். நான் எழுதினால் அங்கே வசனம் வைக்க மாட்டேன். அதிகாரி ஒரு கம்பளியை நீட்டுகிறார், அவன் வாங்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். நடுவில் ஒரு பக்கமாவது அந்த கான்டோருக்குள்ளேயும் போய்வருவேன். குளிரில் விறைத்த விரல்களோடு கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஜெர்மன் வீரனுக்கு ஒரு பெயர் கொடுத்தால், அந்த விமானம் விழும்போது வாசகர் கைதட்ட மாட்டார்.

இந்த மாதிரி விதைகள் நிறைய கிடைக்கும். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். வால்பக்கத் துப்பாக்கி வீரன் மற்ற ஆறு பேரிடமிருந்தும் விலகி, இருட்டில், குளிரில், முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இனிப் பறக்க முடியாது என்று சொன்னவனின் கோப்பில் 'மனத்திடம் இல்லாதவன்' என்று எழுதி அவமானப்படுத்தினார்கள். இருபது முறை பறந்துவிட்டு இருபத்தொன்றாவது முறை கை நடுங்குகிறவனைக் கோழை என்று சொல்லலாமா? அது ஒரு கதை. 1944இல் கோஹிமாவில் மாவட்ட அதிகாரியின் பங்களா டென்னிஸ் மைதானம் நடுவில் இருக்க, இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியப் படை என்று நாள்கணக்கில் சண்டை நடந்தது. பந்தை அடிக்கும் தூரத்தில் எதிரி இருமுவது கேட்கும். அது இன்னொரு கதை. சோவியத் பெண்கள் மரமும் துணியும் கொண்டு செய்த இரட்டை இறக்கை விமானத்தில், இன்ஜின் சத்தத்தை அடக்கி இருட்டில் மிதந்து வந்து குண்டு போட்டது மூன்றாவது. இந்திய ராணுவத்தில் மட்டும் இருபத்தைந்து லட்சம் பேர் அந்தப் போரில் இருந்தார்கள். அச்சான கதைகளில் அவர்கள் எத்தனை பேர் நாயகர்களாக வந்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், எழுத எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் தொழில்நுட்பம். கமாண்டோ அளவு புத்தகத்தில் கதை 63 பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று ஃபிரேம், மொத்தம் சுமார் 135. கேட்பதற்கு அதிகம் போலத் தெரியும், எழுத உட்கார்ந்தால் போதாது. ஒரு ஃபிரேமில் ஒரு செயல்தான் அடங்கும். 'அவன் கதவை உடைத்து, துப்பாக்கியை எடுத்து, சுட்டான்' என்று ஸ்கிரிப்டில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஓவியரால் மூன்றையும் ஒரே படத்தில் வரைய முடியாது. அந்த மூன்றில் எந்த நொடியை உறையவைப்பது என்று நீங்கள்தான் தேர்ந்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சுடுகிற நொடியைவிட, சுடுவதற்கு முந்தைய நொடி நன்றாக இருக்கும்.

வர்ணனைப் பெட்டியில் படத்தையே திரும்பச் சொல்லாதீர்கள். டாங்கி வெடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, 'டாங்கி வெடித்தது' என்று எதற்கு? படத்தால் காட்ட முடியாததை அங்கே வையுங்கள்: நேரம், வாடை, குளிர், மூன்று நாளாகத் தூங்காத அலுப்பு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பெட்டியை அடைத்துக்கொண்டு படத்தை மூடிவிடும். நான் ஒரு ஃபிரேமுக்கு எல்லாம் சேர்த்து இருபது சொல்லைத் தாண்டுவதில்லை. தாண்டினால் வாய்விட்டு வாசித்துப் பார்த்து வெட்டுவேன்.

கறுப்பு வெள்ளையில் எல்லோரும் ஒரே சீருடை, ஒரே ஹெல்மெட். யார் யாரென்று வாசகருக்கு எப்படித் தெரியும்? புதிதாக எழுதுகிறவர்கள் மறந்தே போகும் விஷயம் இது. ஒருவனுக்குக் கண்ணாடி கொடுங்கள், ஒருவனுக்குக் கழுத்தில் துண்டு, ஒருவன் உயரம், ஒருவன் குள்ளம். பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம். பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிற பாத்திரங்கள் நான்கைத் தாண்டினால் கை நழுவும். ஆக்சிஜன் முகமூடி போட்ட விமானிகளுக்குக் கண்கள் மட்டும்தான் நடிக்கும், அதை நினைவில் வைத்து வசனம் எழுதுங்கள்.

அதிர்ச்சி எதுவாக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டியதும் தெரிகிற இடத்தில் வையுங்கள். வலது பக்கத்தின் கடைசி ஃபிரேமில் ஒருவன் திரும்பிப் பார்க்கட்டும். என்ன பார்த்தான் என்பது அடுத்த பக்கத்தில். எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துவிட்டால் வாசகரின் கண் முன்கூட்டியே திருடிவிடும். சத்தங்களையும் யோசித்துப் போடுங்கள். எல்லாத் துப்பாக்கிக்கும் 'டுமீல்' போட்டால் எதற்கும் மரியாதை இல்லை. கதை முழுக்கச் சத்தமாக இருந்துவிட்டு முக்கியமான ஒரு பக்கத்தில் சத்தமே இல்லாமல் விட்டால் அது காதில் விழும்.

விவரங்கள் பிழையில்லாமல் இருக்க வேண்டும். இந்த வகையின் வாசகர்களுக்குச் சக்கரத்தின் எண்ணிக்கை வரை தெரியும். டைகர் டாங்கி முதன்முதலில் சண்டைக்கு வந்தது 1942இல் லெனின்கிராட் அருகே. அதை 1940 டன்கிர்க்கில் ஓடவிட்டால் அதற்குமேல் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார், மனிதர்களைப் பற்றிச் சொல்வதையும் சேர்த்து. அதனால் வருடத்தோடு மாதத்தையும் முடிவு செய்துவிட்டு, அந்த மாதத்தில் இருந்த ஆயுதம், சீருடை, நிலவெளி ஆகியவற்றின் புகைப்படங்களைத் தேடி ஓவியருக்குக் கொடுங்கள். ஒரு நல்ல புகைப்படம் ஸ்கிரிப்டில் அரைப் பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

முழு ஸ்கிரிப்டை முதலிலேயே எழுத வேண்டாம். ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம். முதல் வரியில் இடமும் மாதமும், இரண்டாவது வரியில் அந்த இரண்டு பேரும் அவர்களுக்கு நடுவில் இருப்பதும், பிறகு நடப்பவை. முடிவை மறைத்து 'என்ன ஆனது என்பதைக் கதையில் காண்க' என்று விட்டுவிடாதீர்கள். எடிட்டர் கதையை ரசிக்க உட்காரவில்லை, அது நிற்குமா என்று தட்டிப் பார்க்கிறார். கம்பளியை நீட்டுகிற கடைசி ஃபிரேம் வரை அந்த ஒரு பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட வேண்டும்.